வெளியே போக ஒரே சந்து

போக்குவரத்து நெரிசல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட போக்குவரத்து இன்ஜினியர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், வியர்வையில் ஒட்டிக்கொண்ட மஞ்சள் மேலங்கியோடு ஒரு தெருமுனையில் நின்றபடி, வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்து, "நில்லேன், ஒரு நிமிஷம் நின்று தொலையேன்" என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கார்கள் நிற்கவில்லை. அழகாகப் போய்க்கொண்டிருந்தன. என்னோடு வேலை பார்க்கும் சரத் சொன்ன மாதிரியே.

முதலில் அந்தச் சந்துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் சாலையிலிருந்து பக்கவாட்டில் பிரியும் மூன்று சந்துகள். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் கடைக்காரர்கள் ஆளுக்கொரு பஞ்சாயத்தோடு வந்து நிற்பார்கள். எங்கள் அலுவலக வரைபடத்தில் அவை ஏ, பி, சி. மூன்றும் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் போய்ச் சேரும். மூன்றிலும் வண்டி உள்ளேயும் போகலாம், வெளியேயும் வரலாம். கேட்பதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வார இறுதியில் ஏ-யில் நுழைந்தவன் பி வழியாக வெளியேறப் பார்ப்பான். பி-யில் நுழைந்தவன் சி காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான். சி-யிலிருந்து வருகிறவன் இவர்கள் இரண்டு பேருக்கும் குறுக்கே மூக்கை நீட்டுவான். ஆளாளுக்குச் சீக்கிரம் போகப் பார்த்து எல்லாரும் சேர்ந்து நிற்பார்கள். அந்த வண்டி வரிசையின் வால் சிராங்கூன் சாலை வரைக்கும் நீண்டு பஸ்ஸையும் நிறுத்திவிடும்.

இதற்கு வழி சொல்லும் வேலை எங்கள் சின்ன கன்சல்டன்சிக்கு வந்தது. கடைக்காரர்களிடம் தமிழில் பேச வேண்டியிருக்கும் என்று பாஸ் ஒலி முகம்மது என்னையும் சரத்தையும் அதில் போட்டார். ஆளுக்கொரு திட்டம் கொண்டுவரச் சொன்னார்.

என் திட்டத்தில் மூன்று சந்தும் திறந்தே இருந்தன. முனைக்கு முனை சிக்னல் விளக்கு, எந்த விளக்கு எப்போது மாற வேண்டும் என்ற கணக்கு, சி-யின் முனையில் வண்டிகள் ஒதுங்கி நின்று சாமான் ஏற்றி இறக்க ஓர் இடம். வாரக்கணக்கில் கணினி முன்னால் உட்கார்ந்து செய்தது. நான் அதை விளக்கி முடித்ததும் சரத் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் மூன்று கோடு இழுத்து, நடுக்கோட்டின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"பி-யை மூடிடலாம் பாஸ். ஆளுங்க நடக்கட்டும். ஏ உள்ள போக, சி வெளிய வர. அவ்ளோதான் லா."

பாஸ் பலகையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நான் எத்தனையோ திட்டங்களை அந்த மனுஷன் முன்னால் வைத்திருக்கிறேன். எதைப் பார்த்தும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஒரு சாலையை மூடினால் சில இடங்களில் நெரிசல் குறையும் என்பது எங்கள் துறையில் புதிய சங்கதி அல்ல. பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வழிகள் கூடக்கூட வண்டிகள் குறுக்கிடும் இடங்களும் கூடும், ஓட்டுகிறவர்களின் சபலமும் கூடும். நானும் அதைப் படித்துப் பரீட்சை எழுதியவள்தான். ஆனால் எனக்குத் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது. அதுதான் வயிற்றெரிச்சல். முட்டாள்தனமான யோசனையாக இருந்திருந்தால் அன்றைக்கே அவனை மன்னித்திருப்பேன்.

"இது நல்லா வந்தா அடுத்தது பிடோக்," என்றார் பாஸ். ஒரு பெரிய குடியிருப்புப் பேட்டையின் நடுப்பகுதி முழுவதையும் புதிதாக வரைந்து பார்க்கும் வேலை. "யாரு திட்டம் இங்க நிக்குதோ, அவங்கதான் அங்க லீட்."

அந்த லீட் எனக்கு வேண்டும். இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்களின் கோடுகளுக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அறிக்கையில் என் பெயர் எப்போதும் இரண்டாவதாக, சின்ன எழுத்தில் வரும். ஒரு தடவையாவது முதல் பெயராக வர வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா?

அன்றிலிருந்து சரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது அநேகமாக எதுவும் இல்லை. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வருகிறான். காலையில் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய கயா டோஸ்ட் சாப்பிடுவான், சர்க்கரை போடாத கோப்பி குடிப்பான். வெள்ளிக்கிழமை நீலச் சட்டை. பள்ளியில் தமிழ் விவாதப் போட்டியில் கோப்பை வாங்கியவன் என்பது அவன் வாயைத் திறந்தாலே தெரியும். கடைக்காரர்களிடம் நான் போனால், "என்ன மேடம், ரோட்ட மூடப் போறீங்களா?" என்று முறைப்பார்கள். அவன் போனால், "தம்பி, தே குடிக்கிறீங்களா?" என்று டீயை நீட்டுவார்கள். மூடப் போவது அவன்! முறைப்பு எனக்கு! இத்தனைக்கும் மேலே, என்னைவிட மூன்றே வயது சின்னவன், வாய்க்கு வாய் என்னை "அக்கா" என்கிறான்.

இதையெல்லாம் நான் தினமும் மார்சிலிங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொட்டுவேன். கேட்பதற்கு என் கணவர் சுரேந்தர் இருந்தார். லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். அதிகம் பேசாதவர். அவர் வாயிலிருந்து நீளமாக ஏதாவது வர வேண்டுமானால், யாராவது ரோட்டில் நான்கு விளக்கும் மினுக்க டபுள் சிக்னல் போட்டுக் காரை நிறுத்தியிருக்க வேண்டும். "ரெண்டு நிமிஷம்னு நிறுத்துறவனுங்களுக்கெல்லாம் லைசென்ஸைப் பிடுங்கணும்" என்று ஆரம்பித்து அடுத்த சிக்னல் வரைக்கும் திட்டிக்கொண்டே வருவார்.

"இன்னிக்கி சரத் என்ன செஞ்சான் தெரியுமா?" என்று நான் ஆரம்பிப்பேன். அவர் மென்றுகொண்டே கேட்பார்.

ஒருநாள் நடுவில், "அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

"தெரியல. ஆகியிருக்காது. நல்லா அயர்ன் பண்ணின சட்டையா போட்டுட்டு வர்றான், தலைமுடி வேற அப்படியே வச்சது வச்ச மாதிரி இருக்கு."

அவர் தட்டில் சோறு மிச்சம் இருக்கும்போதே எழுந்து போய்க் கையைக் கழுவினார். மத்தியானம் வெளியே சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மீதி வைத்த அப்பளத்தையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் சரத்தை எப்படி மடக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மடக்க ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. அதைக் கூட்டத்திலும் சொன்னேன்.

"வெளிய போக ஒரே சந்து, சி. அதுல ஒரு கார் நின்னா?"

"எதுக்குக்கா நிக்கும்? டபுள் மஞ்சள் கோடு போடுறோம். போர்டு வைக்கிறோம். நின்னா சம்மன், அபராதம்."

"சி முனையில பூக்கடை இருக்கு சரத். சனிக்கிழமை அங்க யாரும் இறங்கிப் பூ வாங்க மாட்டாங்க. டபுள் சிக்னலப் போடுவாங்க, கண்ணாடிய இறக்குவாங்க, கடைக்காரரு வாடிக்கை முகத்தைப் பாத்து சரத்தைக் கார் ஜன்னல்லயே குடுப்பாரு." பூச்சரத்தைத்தான் சொன்னேன். மேசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "இது இன்னிக்கி நேத்து பழக்கமில்ல. சம்மனுக்கெல்லாம் நிக்காது. ஒரு கார் நின்னா சி அடைக்கும், சி அடைச்சா பின்தெரு அடைக்கும், அப்புறம் ஏ. உள்ள மாட்டினவன் வெளிய வர வேற வழியே கிடையாது. ஒதுங்கி நிக்க ஓர் இடம் வெட்டி விட்டாத்தான் இது தாங்கும்."

"மக்கள் பழகிடுவாங்க அக்கா," என்றான், சின்னப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற குரலில்.

நடைபாதையை வெட்டுவதென்றால் செலவு, நேரம், அனுமதி. முதலில் வெட்டாமலே சோதித்துப் பார்ப்போம் என்றார் பாஸ். முதல் சனிக்கிழமை எப்படிப் போகிறதென்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். நான் சொன்னது சரி. இப்போதும் சொல்கிறேன், நான் சொன்னது சரிதான். ஆனால் நான் அதைச் சொன்ன காரணம் சரியில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மத்தியானமே சுரேந்தருக்கு மெசேஜ் போட்டேன். "வேலை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போங்க. முன்னாடியே வந்தாலும் சரி, கூத்தைப் பாக்கலாம். ஏ-ல நுழைஞ்சு சி வழியா வாங்க."

"சரத் இருப்பானா?" என்று பதில் வந்தது.

"இல்லாம? இன்னிக்கி அவன்தானே ஹீரோ."

என்னைப் பின்தெருவில் நிறுத்தினார்கள். பாஸ் ஏ-யின் வாயில். சரத் சி-யின் முனையில், பூக்கடைக்குப் பக்கத்தில். ஆரம்பத்திலிருந்தே எல்லாம் அவனுக்கு ஒத்துழைத்தது. கார்கள் ஏ-யில் நுழைந்தன, என் முன்னால் வளைந்தன, சி-யில் வெளியேறின. வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி போயின. ஹாரன் சத்தமே இல்லை. லிட்டில் இந்தியாவில், சனிக்கிழமை சாயங்காலம், ஹாரன் சத்தம் இல்லை!

மூடிய பி-யில் திருவிழா மாதிரி இருந்தது. நடுரோட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரோலரில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண், "எவ்ளோ நல்லா இருக்கு இல்ல?" என்று தன் தோழியிடம் சொல்லிக்கொண்டு போனாள். அவளை முறைத்தேன். சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் வாசலில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு, என் மேலங்கியைப் பார்த்து என்னிடம் வந்தார். கையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக்.

"குடிங்க. சரத் தம்பி சொல்லி அனுப்புனாரு, அக்கா வெயில்ல நிக்கிறாங்கன்னு."

இவ்வளவு வேலைக்கு நடுவிலும் என் தொண்டை வறண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்து அனுப்பியிருக்கிறான். எப்படி எரிந்தது தெரியுமா? அந்தத் தே நன்றாக வேறு இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

இருட்டத் தொடங்கியபோது என் முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. சும்மா வேகம் குறைக்கிறது என்று நினைத்தேன். அதன் பின்னால் ஒரு டாக்சி நின்றது. அதன் பின்னால் காய்கறி லாரி. பிறகு ஏ-யிலிருந்து வளைகிற கார் வளைய இடமில்லாமல் குறுக்கே நின்றது. முதல் ஹாரன் கேட்டது. அடுத்து நான்கைந்து சேர்ந்து கேட்டன.

உள்ளங்காலிலிருந்து ஒரு குளிர்ச்சி எனக்குள் ஏறியது. பொய் சொல்ல விருப்பமில்லை, அவ்வளவு சந்தோஷம். பள்ளிக்கூடப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அப்படி இருந்ததில்லை.

போன் அடித்தது. பாஸ்.

"தாரணி, ஏ நின்னு போச்சு. சிராங்கூன் ரோட்ல பஸ் நிக்குது."

"இங்கயும் அப்படித்தான் பாஸ். சி-ல ஏதோ நின்னிருக்கு."

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க," என்றார். "நான்தான் கேக்கல. போய்ப் பாருங்க. திங்கக்கிழமை பிடோக் பத்திப் பேசுவோம்."

பிடோக் பத்திப் பேசுவோம். என்னோடு! நான் நடந்தேன். கார்களின் வரிசையை ஒட்டி, ஒவ்வொரு ஹாரனையும் கைதட்டல் மாதிரி வாங்கிக்கொண்டு நடந்தேன். சரத்திடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். "பரவாயில்ல சரத், மக்கள் பழகிடுவாங்க." இதையே, அதே குரலில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து இரண்டு தடவை முணுமுணுத்தும் பார்த்துக்கொண்டேன்.

சி-யின் முனை தெரிந்தது. பூக்கடைக்கு நேராக, மஞ்சள் கோடுகளின் மேலேயே, டபுள் சிக்னல் மினுக்கிக்கொண்டு ஒரு சாம்பல் நிற ஹோண்டா. பின்கண்ணாடியில் ஒரு மூலை உரிந்த ஸ்டிக்கர். அந்த மூலையை உரித்தது நான்தான், போன சீனப் புத்தாண்டு விடுமுறையில்.

எங்கள் கார்.

ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. என் கணவர், டபுள் சிக்னல் போடுகிறவர்களின் லைசென்ஸைப் பிடுங்க வேண்டும் என்கிற என் கணவர், பூக்கடை முன்னால் கையில் ஒரு முழம் மல்லிகையோடு நின்றிருந்தார். பூவைப் பார்க்கவில்லை. தனக்கு எதிரே நின்ற சரத்தைத் தலையிலிருந்து காலுக்கும், காலிலிருந்து தலைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்டில் எங்கே கோளாறு என்று தேடுகிறபோது அப்படித்தான் பார்ப்பார்.

"அங்கிள், ப்ளீஸ் அங்கிள், காரைக் கொஞ்சம் எடுத்துடுங்க. பின்னாடி பாருங்க," என்று சரத் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"யாருடா அங்கிள்?" என்றார் சுரேந்தர்.

"சாரி அங்கிள், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ரெண்டு நிமிஷம். பூ வாங்குறேன்ல? நீதான் சரத்தா?"

நான் போய் நடுவில் நின்றேன். சரத் என்னைப் பார்த்ததும், "அக்கா, இந்த அங்கிள்கிட்ட நீங்க கொஞ்சம்..." என்றான்.

"சரத், இது என் ஹஸ்பண்ட்."

அவன் முகத்தில் அப்போது நடந்ததை என்னால் எழுத முடியாது. எனக்கு அக்கா, அவருக்கு அங்கிள். அந்தக் கணக்கை அவனும் அந்த நேரத்தில்தான் போட்டிருப்பான். "சாரி அண்ணே," என்று மெதுவாகச் சொன்னான்.

சுரேந்தரின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் மல்லிகையோடு பக்கத்தில் ஏறினார். காரை எடுத்து சிராங்கூன் சாலையில் திருப்பியதும் கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் முதல் கார் அசைந்தது, அடுத்தது அசைந்தது, காய்கறி லாரி அசைந்தது. என் வெற்றியை நானே காரில் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் சிராங்கூன் சாலை ஒருவழி. இறக்கிவிடவோ திரும்பவோ முடியாது. வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் சுற்றிக்கொண்டு ரேஸ் கோர்ஸ் சாலை வழியாகத்தான் வர வேண்டும். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு அது போதுமான தூரம்.

"உங்களுக்கு அறிவிருக்கா? அங்க போய் யாராச்சும் நிறுத்துவாங்களா? நீங்களா?"

அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"எதுக்கு நிறுத்துனீங்க? பூவுக்கா? எனக்கு எப்ப நீங்க பூ வாங்கியிருக்கீங்க?"

"அவனைப் பாக்கத்தான் நிறுத்துனேன்."

"யாரை?"

"உன் சரத்தை."

பச்சை விளக்கு விழுந்ததைக் கவனிக்காமல் இருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். காரை எடுத்தேன்.

"என் சரத்தா? எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது!"

"ஆகாதவனைப் பத்தித்தான் தினமும் பேசுவாங்களா தாரணி? அவன் எந்தக் கிழமை எந்தச் சட்டை போடுவான்னு உனக்குத் தெரியுது. கோப்பில சர்க்கரை போட மாட்டான்னு தெரியுது. நான் போடுவேனா மாட்டேனா, சொல்லு?"

தெரியவில்லை. டாக்டர் குறைக்கச் சொன்னார், அது தெரியும். குறைத்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

"நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசையில இப்ப மூணு பேரு," என்றார். "ஒருத்தன் சாப்பிடுறதில்ல, அவ்ளோதான் வித்தியாசம். எப்படித்தான் இருக்கான்னு பாத்துடலாம்னு வந்தேன். நல்லாத்தான் இருக்கான்." கொஞ்சம் விட்டு, "அங்கிளாம்," என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. என்னிடம் இருந்தது ஒரு பொறாமை. அது தினமும் மேசையில் இவருக்குப் பரிமாறப்பட்டு, இவருக்குள் வேறொரு பொறாமையாக முளைத்து, காரை ஓட்டிக்கொண்டு வந்து சி-யின் முனையில் நின்றிருக்கிறது. நான் வேண்டிக்கொண்ட நெரிசல் எனக்கு இப்படியா கிடைக்க வேண்டும்? அதைவிட வெட்கம் என்னவென்றால், இந்த மனுஷனுக்கு என்னைப் பற்றி இன்னும் பொறாமை வருகிறது என்பதில் ஓர் ஓரமாக எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

"அவன் மேல எனக்குப் பொறாமைங்க," என்றேன். "அவனுக்கு வந்த யோசனை எனக்கு வரல. அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல."

அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. மல்லிகையை டாஷ்போர்டில் வைத்தார்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு நான் பயந்துகொண்டே போனேன். பாஸுக்கு யாருடைய கார் என்று தெரியாது. "எவனோ ஒரு மடையன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், என் கணவர், சரத். வாயைத் திறந்தால் சரத் பிழைத்துக்கொள்வான். தன் திட்டத்தைக் குறை சொன்னவளின் புருஷனே வந்து அடைத்து வைத்தார் என்று ஒரு வரி சொன்னால் போதும், நான் வேண்டுமென்றே செய்ததாகத்தான் யாரும் நினைப்பார்கள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

சரத் எழுந்தான். வெள்ளைப் பலகையில் சி-யின் முனையில் ஒரு சின்னப் பெட்டி வரைந்தான்.

"ஒரே ஒரு கார்தான் பாஸ் நின்னுச்சு. ஆனா ஒரு கார் போதும்னு அக்கா முன்னாடியே சொன்னாங்க. மக்கள் பழகிடுவாங்கன்னு நான் நினைச்சது தப்பு. ஒதுங்கி நிக்க இடம் இல்லாம என் திட்டம் நிக்காது." என் பக்கம் திரும்பினான். "ஜனங்க பழக்கத்தை என்னை விட அக்காவுக்கு நல்லாத் தெரியும். பிடோக்கை அவங்களே லீட் பண்ணட்டும்."

அந்தக் கார் யாருடையது என்று அவன் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

பாஸ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிடோக் என் கைக்கு வந்துவிட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதுதான்.

என்னால் முடியவில்லை. நேர்மை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் ஜெயிப்பதையும் இவன்தான் எனக்கு எடுத்துத் தர வேண்டுமா? தே வாங்கிக் கொடுத்த மாதிரி பிடோக்கையும் கொடுத்துவிட்டு, வாழ்க்கை முழுக்க இவன் பெருந்தன்மையாக நிற்பான், நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? யோசனையும் அவனுக்கே, நல்ல மனசும் அவனுக்கேயா? ஒன்றையாவது நான் பிடுங்கிக்கொள்கிறேன்.

"பாஸ், அது என் வீட்டுக்காரர் கார்," என்றேன்.

சரத் மார்க்கரை மூடினான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரச் சொன்னது நான், கூத்தைப் பார்க்கலாம் என்று எழுதியது நான். அவர் எதற்காக நிறுத்தினார் என்பதை மட்டும் பூ வாங்க என்று சொல்லி முடித்தேன். பாஸ் முதலில் வாயைப் பிளந்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். நான் இத்தனை வருஷமாக ஏங்கிய சிரிப்பு அதுதான், ஆனால் திட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முடிவைச் சொன்னார். "பி-யை மூடுங்க. சி-ல தாரணி சொன்ன இடத்தை வெட்டுங்க. ரெண்டும் சேர்ந்தாத்தான் நிக்கும், அது தெரிஞ்சு போச்சு. ஆனா பிடோக்குக்கு உங்க பேரைப் போட்டு நான் யாருகிட்டயும் போக முடியாது தாரணி. நாளைக்கு இது வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? சரத் லீட் பண்ணட்டும். நீங்க அவருக்குக் கீழ இருங்க. ஒரே ரூம்ல உக்காந்து செய்ங்க, நல்லா வரும்."

அறிக்கையில் மறுபடியும் இரண்டாவது பெயர். அதுவும் அந்தப் பெயருக்குக் கீழே.

வெளியே வந்ததும் சரத் என் பின்னாலேயே வந்தான். "ஏன் அக்கா சொன்னீங்க? நான் சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும். அதனாலதான்," என்றேன். அவனுக்குப் புரிந்திருக்காது.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் சுரேந்தரிடம் விஷயத்தைச் சொன்னேன். பிடோக் போனது என்று கேட்டபோது அவர் முகம் வாடியது. நான் அவனுக்குக் கீழே, ஒரே அறையில் உட்கார வேண்டும் என்று கேட்டபோது கரண்டியைக் கீழே வைத்தார்.

"தினமுமா?"

"தினமும். ஆனா இனிமே இந்த வீட்ல அவன் பேரை எடுக்க மாட்டேன். சத்தியமா."

அவர் தலையாட்டினார். அவர் கோப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்கிறாரா என்று அன்றைக்குக் கவனித்தேன். போட்டுக்கொள்கிறார், என்னைப் பார்க்காமல், இரண்டு கரண்டி.

மறுநாள் பிடோக் வேலை ஆரம்பமானது. முதல் நாளே சரத் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாலையைத் திருப்பிப் போட்டு ஒரு கோடு இழுத்தான். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் அடிவயிறு எரிந்தது, ஏனென்றால் அது சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்தேன். சமைத்தேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம்.

சத்தியம் செய்தவள் நான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு ஏதாவது பேசலாம் என்று யோசித்தேன். மீன் குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல் என்றேன். ஆமாம் என்றார். பக்கத்து பிளாக்கில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்றார் அவர். ஆமாம் என்றேன். பிறகு ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை மாசமாக அந்த மேசையில் எங்களுக்குள் போய்வர இருந்தது அந்த ஒரே சந்துதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதையும் நான் மூடிவிட்டிருந்தேன்.

அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் நிமிராமலே கேட்டார்.

"சரி, இன்னிக்கி என்ன செஞ்சான் அவன்?"

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.